முதல் அடைப்புக்குறியை ஏன் காலியாக விடலாம்?

சி நிரலாக்க மொழியில் இருபரிமாண அணியை (வரிசை, நெடுவரிசைகளில் அமைந்த எண் அட்டவணையை) ஒரு செயற்கூற்றுக்கு (ஒரு வேலைக்காகப் பெயரிட்டுத் தனியே எழுதிய நிரல்பகுதிக்கு) அனுப்புவது எப்படி என்று எந்தப் பாடக்குறிப்பைத் திறந்தாலும், முதல் அடைப்புக்குறியைக் காலியாக விடலாம், மற்றவற்றில் எண்ணைக் கட்டாயம் எழுத வேண்டும் என்ற வரி அங்கே நிற்கும். தேர்வுக்கு அது போதும். அதை மனப்பாடம் செய்தவர் எழுதும் நிரல் கம்பைல் ஆகும், பெரும்பாலும் சரியாகவும் ஓடும். ஆனாலும் அந்த வரி சில காலமாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு விளைவை எடுத்து விதியாக நிறுத்திவிட்டு, அந்த விளைவு எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. விதியை நன்றாகக் கற்ற மாணவர்கள்கூட, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கு வந்தவுடன் தடுமாறுவதற்கு இந்த விடுபடலே காரணம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை பிற்பகல்களில் மாணவர்கள் சிலருக்குச் சி மொழி சொல்லிக்கொடுக்கிறேன். மொரீசியஸில் தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும், விளக்கம் பெரும்பாலும் கிரியோலில் நடக்கும்; தமிழ் பேசும் பிள்ளைகள் வந்தால் தமிழும் சேர்ந்துகொள்ளும். பயிற்சிக்கு நான் எடுப்பது மழைக் கணக்கு. போர்ட் லூயிஸில் வெயில் காயும் அதே வேளையில் குரேப்பீப்பில் குடை பிடித்து நடப்பது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. தீவின் ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான ஆறு மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. ஆகவே ஊருக்கு ஒரு வரிசை, மாதத்துக்கு ஒரு நெடுவரிசை என்று அட்டவணை போட்டால் எண்களைப் பார்த்தவுடனேயே அவை சரியா தவறா என்று பிள்ளைகளால் சொல்ல முடிகிறது. இன்னொரு வசதியும் உண்டு. ஊர்களின் எண்ணிக்கை மாறலாம், மாதங்கள் என்றும் பன்னிரண்டுதான். சி மொழி வரிசைகளை ஒரு விதமாகவும் நெடுவரிசைகளை வேறு விதமாகவும் நடத்துவதை விளக்க இதைவிடப் பொருத்தமான தரவு கிடைப்பது கடினம்.

எழுத்துமுறை பற்றி ஒரு சொல். இந்தக் கட்டுரையில் சி மொழியின் அடிப்படைச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை மட்டும் மூல வடிவில் தட்ட வேண்டும். மாறிகளின் பெயர்கள் தமிழில் இருப்பதை மாற்றத் தேவையில்லை. சி மொழியின் விதித்தொகுப்பான தரநிலை, அதன் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில், தமிழ் எழுத்துகளைப் பெயர்களில் அனுமதிக்கிறது. ஜிசிசி என்பது சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்களில் ஒன்று; 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் அவற்றை நேரடியாகத் தட்டினாலும் அது ஏற்றுக்கொள்கிறது.

பூஜ்யமாகிப்போன மழை

மாணவி ஒருவர் மூன்று ஊர்களின் மழையை, இன்ட் மழை[3][12] என்று மெயினுக்குள் (நிரல் தொடங்கும் செயற்கூற்றுக்குள்) அறிவித்திருந்தார். இன்ட் என்பது முழு எண்ணுக்கான தரவினம். ஊர்கள் எத்தனை என்பதை எண்ணாகத் தட்டாமல், முழு அணியின் சைஸ்ஆஃப் மதிப்பை (நினைவகத்தில் அது பிடிக்கும் பைட்டுகளின் எண்ணிக்கையை) முதல் வரிசையின் சைஸ்ஆஃப் மதிப்பால் வகுத்துக் கண்டுபிடித்தார். ஓர் இன்ட் நான்கு பைட் என்றால் அணி 144 பைட், வரிசை 48 பைட், விடை 3. நல்ல பழக்கம்தான், நாளை இன்னொரு ஊரைச் சேர்த்தால் நிரலில் வேறெதையும் மாற்ற வேண்டாம். பிறகு, கூட்டும் வேலையைத் தனிச் செயற்கூறாகப் பிரித்து, அளபுருவை (செயற்கூறு வெளியிலிருந்து வாங்கும் மதிப்பின் அறிவிப்பை) இன்ட் மழை[][12] என்று விதிப்படி எழுதி, அதே வகுத்தலை உள்ளே கொண்டுபோய் வைத்தார். குரேப்பீப் உட்பட மூன்று ஊர்களிலும் சேர்த்து ஆண்டு மழை பூஜ்யம் என்று நிரல் சொன்னது.

"சார், மெயினில் மூன்று வந்தது, இங்கே ஏன் பூஜ்யம் வருகிறது?" என்று கேட்டார். உடனே பதில் சொல்லாமல், இரண்டு சைஸ்ஆஃப் மதிப்புகளையும் தனித்தனியே அச்சிட்டுப் பார்க்கச் சொன்னேன். செயற்கூற்றுக்குள் அணியின் அளவு 8 பைட், வரிசையின் அளவு மாறாமல் 48 பைட். எட்டை நாற்பத்தெட்டால் முழு எண்ணாக வகுத்தால் பூஜ்யம். சுழற்சி ஒருமுறைகூட ஓடவில்லை. அத்துடன் நிறுத்தியிருந்தால், செயற்கூற்றுக்குள் சைஸ்ஆஃப் பயன்படாது என்ற இன்னொரு மனப்பாட விதியோடு அந்த வகுப்பு முடிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. காலி அடைப்புக்குறியில் 3 என்று எழுதிப் பார்த்தார். அளவு அதே 8தான். 100 என்று எழுதினார். மூன்றே வரிசைகள் கொண்ட அணியை நூறு வரிசைகள் கேட்கும் செயற்கூற்றுக்கு அனுப்பியும் வகுப்பில் இருந்த பழைய கம்பைலர் வாய் திறக்கவில்லை. (இன்றைய ஜிசிசி இப்படிப்பட்ட இடங்களில் தானாக முன்வந்து எச்சரிப்பதுண்டு. அது கம்பைலரை எழுதியவர்களின் அக்கறை. மொழியின் விதி அல்ல.) பிறகு இரண்டாம் அடைப்புக்குறியில் இருந்த 12ஐ 11 ஆக்கினார். உடனே சுட்டுகளின் (நினைவக முகவரியைத் தாங்கும் மதிப்புகளின்) தரவினம் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வந்தது.

அப்போது அவர் கேட்டதுதான் என்னை இன்றுவரை விடாத கேள்வி: "எழுதினாலும் படிக்கப்படாத எண்ணுக்கு எதற்காக இடம் வைத்திருக்கிறார்கள், சார்?"

அந்தக் கேள்வியை இத்தனை கூர்மையாக அதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. மாணவர்கள் எல்லோரும் இரண்டாம் எண் ஏன் கட்டாயம் என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் எளிது. முதல் எண் ஏன் கட்டாயமில்லை என்பதும், கட்டாயமில்லாத ஒன்று ஏன் அங்கே இருக்கிறது என்பதும்தான் மொழியின் உள்ளமைப்பைத் திறந்துகாட்டும் கேள்விகள். பதில் இதுதான்: அங்கே அணி என்று எதுவும் இல்லை. இன்ட் மழை[3][12], இன்ட் மழை[100][12], இன்ட் மழை[][12] ஆகிய மூன்றையும் அளபுருவாக எழுதினால், கம்பைலர் அவற்றை இன்ட் (*மழை)[12] என்ற ஒரே பொருளில்தான் எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டு இன்ட் கொண்ட ஒரு வரிசையைச் சுட்டும் ஒற்றைச் சுட்டு அது. 64 பிட் கணினியில் அது 8 பைட். மாணவி கண்ட எட்டு அதுவே.

இரண்டாம் எண் ஏன் தேவை என்பது இங்கிருந்து தானாக விளங்கும். நினைவகத்தில் அட்டவணை என்று ஒன்று கிடையாது. 36 இன்ட் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீளத்தில் கிடக்கின்றன. மழை[2][5] வேண்டுமென்றால், தொடக்கத்திலிருந்து இரண்டு முழு வரிசைகளைத் தாண்டி, அதன்பின் ஐந்து இடங்கள் நகர வேண்டும்: 2ஐ 12ஆல் பெருக்கி 5ஐக் கூட்டினால் 29. கரும்புத் தோட்டத்தில் சாலுக்கு எத்தனை தூர் என்று தெரிந்தவர், முதல் தூரிலிருந்து எண்ணிக்கொண்டே போய் மூன்றாம் சாலின் ஆறாம் தூரை அடைந்துவிடுவார்; தோட்டத்தில் மொத்தம் எத்தனை சால்கள் என்பது அவருக்குத் தேவைப்படாது. அந்தப் பெருக்கலில் 12 வருகிறது, 3 வரவேயில்லை. எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான் வரிசைகளின் எண்ணிக்கை தேவை. அந்தப் பொறுப்பைச் சி மொழி நிரல் எழுதுபவரிடமே விட்டுவிட்டது.

பதினான்கு எழுத்துப் பெயரும் ஒரு பழைய முடிவும்

இது ஏன் இப்படி அமைந்தது என்பதற்குச் சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே விடை எழுதி வைத்திருக்கிறார். நிரலாக்க மொழிகளின் வரலாறு குறித்து 1993இல் நடந்த கருத்தரங்குக்காகச் சி மொழி வளர்ந்த கதையை அவர் விரிவாக எழுதினார். சி மொழிக்கு முந்திய பி மொழியில் ஓர் அணியை அறிவித்தால், அதன் உறுப்புகளுக்கு ஓர் இடமும், அந்த இடத்தைச் சுட்டும் முகவரிக்குத் தனியாக ஓர் அறையும் நினைவகத்தில் ஒதுக்கப்பட்டன. ரிட்சி கட்டமைப்புகளை (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டும் தரவினங்களை) மொழிக்குள் கொண்டுவர முயன்றபோது இந்த ஏற்பாடு இடறியது. அன்றைய யூனிக்ஸ் இயக்குதளத்தில் கோப்பகத்தின் ஒரு பதிவு என்பது ஓர் எண்ணும் அதைத் தொடர்ந்து 14 எழுத்துகள் கொண்ட பெயரும். வட்டில் அவை அடுத்தடுத்துக் கிடந்தன. அந்தப் பதிவை அப்படியே ஒரு கட்டமைப்பாகப் படிக்க வேண்டுமானால், எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே முகவரி அறை ஒன்றைச் செருக இடமில்லை. ஆகவே அவர் அந்த அறையையே நீக்கினார். அணியின் பெயர் ஒரு கணக்கீட்டுக் கோவையில் வரும்போது மட்டும், அதன் முதல் உறுப்பின் முகவரி அந்தக் கணத்தில் உருவாகும் என்று விதித்தார். சைஸ்ஆஃப், முகவரி எடுக்கும் குறி போன்ற சில இடங்களைத் தவிர்த்து அந்த விதி இன்றும் மாறாமல் நிற்கிறது.

இருபரிமாண அணி என்பது சி மொழியில் அணிகளின் அணி. அதன் முதல் உறுப்பு ஓர் எண் அன்று, ஒரு முழு வரிசை. ஆகவே அதன் பெயரைச் செயற்கூற்றிடம் கொடுக்கும்போது பிறப்பது முதல் வரிசையின் முகவரி. இந்த மாற்றம் வெளிப்புறத்தில் ஒரே ஒரு படிதான் நடக்கிறது. உள்ளே இருக்கும் வரிசை அணியாகவே தங்கிவிடுகிறது. முதல் எண் மட்டும் கரைந்துபோவதும் மற்றவை தரவினத்தின் பகுதியாக நிலைப்பதும் இதனால்தான்.

மாணவியின் கேள்விக்கும் அதே எழுத்தில் பதில் இருக்கிறது. அளபுருவில் வரும் காலி அடைப்புக்குறி, சுட்டுகளை அப்படி அறிவித்த ஆரம்பகால வழக்கத்தின் மிச்சம். பழைய நிரல்களுக்காகவும், இங்கே வரப்போவது தனியொரு மதிப்பின் முகவரி அன்று, அணியிலிருந்து பிறந்த முகவரி என்று படிப்பவருக்கு உணர்த்தவும் அதை விட்டுவைத்ததாக ரிட்சி சொல்கிறார். அது படிப்பவருக்கு உதவும் அளவுக்கு, கற்பவரைக் குழப்பவும் செய்கிறது என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். மொழியை உருவாக்கியவரே குழப்பம் என்று ஒப்புக்கொண்ட இடத்தை, குழப்பமே இல்லாத ஒரு வரி விதியாக நாம் கற்பித்துவருகிறோம். என் ஆதங்கம் அதுதான்.

அந்த எண்ணுக்கு உண்மையிலேயே பொருள் கொடுக்கவும் ஒரு வழி உண்டு. 1999 தரநிலையின்படி அடைப்புக்குறிக்குள் எண்ணுக்கு முன்னால் ஸ்டேட்டிக் என்று எழுதினால், குறைந்தது அத்தனை வரிசைகளாவது வரும் என்று அழைப்பவர் உறுதியளிக்க வேண்டும். அந்த உறுதியை மீறினால் நிரலின் நடத்தைக்கு மொழி பொறுப்பேற்காது. இதை வகுப்பில் நான் தொட்டுவிட்டுப் போவதோடு சரி.

இரட்டை நட்சத்திரம்

விதியை மட்டும் கற்றவர்கள் எங்கே விழுகிறார்கள் என்பதை இங்குள்ள கணினித் தொழில் மையமான எபெனில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் காட்டினார். திருநெல்வேலிக்காரர். எங்கள் பிற்பகல் வகுப்பில் மாணவர்களுக்கு உதவ அவ்வப்போது வருவார். ஒருபரிமாண அணியை அனுப்பினால் இன்ட் * என்று வாங்கலாம், ஆகவே இருபரிமாண அணியை இன்ட் ** என்று வாங்கலாம் என்பது அவர் எப்போதோ கற்றுக்கொண்ட பாடம். கேட்பதற்கு அது முறையான வளர்ச்சி போலவே இருக்கிறது. ஒரு பரிமாணத்துக்கு ஒரு நட்சத்திரம். கம்பைலர் எச்சரித்தது. அவர் அழைக்கும் இடத்தில் தரவின மாற்றத்தை வலிந்து எழுதி எச்சரிக்கையை அடக்கினார். நிரல் முதல் வரிசையைத் தொட்டவுடன் செத்துப்போனது.

ஏன் என்று பார்த்தால், இன்ட் ** என்பது சுட்டுகளின் வரிசை ஒன்றைச் சுட்டும் சுட்டு. அதைப் பெறும் செயற்கூறு, முதல் எட்டு பைட்டில் ஒரு முகவரி இருக்கிறது என்று நம்பி அதை எடுத்துக்கொண்டு அங்கே போகப் பார்க்கும். எங்கள் அட்டவணையின் முதல் எட்டு பைட்டில் இருந்தவையோ ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் மழை அளவுகள். அந்த இரண்டு எண்களும் ஒட்டிக்கொண்டு ஒரு முகவரியாகப் படிக்கப்பட்டன. அந்த முகவரியில் இந்த நிரலுக்கு உரிமையான எதுவும் இல்லை. அணியின் பெயர் முகவரியாக மாறுவது ஒரே ஒரு படிதான் என்பதை அறிந்தவருக்கு இந்தத் தவறு தோன்றவே தோன்றாது, ஏனெனில் இரண்டாம் நட்சத்திரம் கேட்கும் அந்த முகவரிகள் நினைவகத்தில் எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை.

இரட்டை நட்சத்திரம் தன்னளவில் பிழையான வடிவமும் அன்று. வரிசைகளின் நீளங்கள் வெவ்வேறாக இருக்கும் இடங்களில், உதாரணமாக மெயினுக்கு வந்துசேரும் கட்டளைவரிச் சொற்களில், சுட்டுகளின் அணியே சரியான ஏற்பாடு. ஒவ்வொரு வரிசைக்கும் தனியே நினைவகம் கேட்டு வாங்கியவர் அதை அப்படித்தான் அனுப்ப வேண்டும். சதுர அடைப்புக்குறி இரண்டு போட்டு உறுப்பை எடுக்கும் எழுத்து இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே பொருள் என்ற மயக்கம் வருகிறது. இந்த மயக்கத்துக்கு இப்போது ஓர் அணை கிடைத்திருக்கிறது: 2024இல் வந்த ஜிசிசி 14, பொருந்தாத சுட்டை அனுப்புவதை எச்சரிக்கையோடு விடாமல் பிழையாகவே நிறுத்துகிறது. ஆனால் வலிந்து எழுதிய தரவின மாற்றத்தை அதுவும் தடுக்காது.

அளவையும் உடன் அனுப்புவது

நெடுவரிசைகளின் எண்ணிக்கை நிரல் ஓடும்போதுதான் தெரியவரும் என்றால் 12 போன்ற நிலையான எண் உதவாது. ஃபோர்ட்ரான் மொழி இதை 1966 தரநிலையிலேயே தீர்த்துவிட்டது. அணியின் அளவுகளையும் அளபுருக்களாகவே வாங்கிக்கொள்ளலாம். சி மொழியில் அந்த வசதி தரநிலைக்குள் வர 1999 ஆனது. இன்ட் ஊர்கள், இன்ட் மாதங்கள், இன்ட் மழை[ஊர்கள்][மாதங்கள்] என்ற வரிசையில் அளபுருக்களை எழுதலாம். எண்கள் முன்னாலும் அணி பின்னாலும் வர வேண்டும், இல்லையேல் அணியின் அறிவிப்பைப் படிக்கும்போது அந்தப் பெயர்கள் கம்பைலருக்குத் தெரியாது. இங்கேயும் ஊர்கள் என்பது படிப்பவருக்கான தகவல் மட்டுமே. பெருக்கலுக்கு மாதங்கள்தான் போகிறது.

இந்த வசதிக்கு நேர்ந்த கெட்ட பெயர் நியாயமற்றது என்பது என் கருத்து. ஓடும்போது அளவு முடிவாகும் அணியைச் செயற்கூற்றுக்குள் உருவாக்கினால் ஸ்டாக் நினைவகம் நிரம்பிவிடும் அபாயம் உண்மையானது. லினக்ஸ் இயக்குதளத்தின் மையமான கெர்னல் 2018இல் அத்தகைய அணிகளை முழுவதுமாகக் களைந்தது. ஆனால் அளபுருவில் அப்படி எழுதும்போது எந்த அணியும் உருவாவதில்லை, ஒரு முகவரி மட்டுமே வருகிறது. 2011 தரநிலை இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி, விரும்பினால் ஆதரிக்கலாம் என்று தளர்த்தியது. மைக்ரோசாஃப்ட் கம்பைலர் இன்றும் இவற்றை ஏற்பதில்லை. சி23 தரநிலை அந்தக் கட்டைப் பிரித்து, அளபுரு வடிவத்தை மீண்டும் கட்டாயமாக்கியிருக்கிறது. உள்ளே உருவாகும் அணிகள் மட்டும் விருப்பத்துக்கு உரியவையாகத் தொடர்கின்றன. அதே தரநிலை இன்னொரு பழைய முள்ளையும் எடுத்துவிட்டது. அட்டவணையைச் செயற்கூறு மாற்றாது என்று உறுதி சொல்லக் கான்ஸ்ட் சேர்த்தால், சாதாரண இருபரிமாண அணியை அதற்கு அனுப்புவது முன்பு விதிப்படி பொருந்தாமல் இருந்தது. நல்ல பழக்கத்தைப் பின்பற்றியவருக்கே எச்சரிக்கை வந்தது. இனி அது இல்லை.

வகுப்பில் இப்போது நான் செய்வது

காலி அடைப்புக்குறியை நான் இப்போது கடைசியில்தான் காட்டுகிறேன். முதலில் டைப்டெஃப் இன்ட் ஆண்டு[12] என்று ஒரு தரவினத்துக்குப் பெயர் சூட்டச் சொல்கிறேன். ஆண்டு என்பது பன்னிரண்டு இன்ட் கொண்ட ஒரு வரிசை. மெயினில் ஆண்டு மழை[3] என்றால் மூன்று ஊர்களின் ஆண்டுகள். செயற்கூற்றின் அளபுரு ஆண்டு *மழை, அதாவது ஓர் ஆண்டைச் சுட்டும் சுட்டு. இதில் விடுபட்ட அடைப்புக்குறியும் இல்லை, மனப்பாடம் செய்ய விதியும் இல்லை. ஒருபரிமாண அணியை அனுப்பும்போது கற்ற அதே ஒரு பாடம் மீண்டும் வருகிறது. அதன்பின் ஆண்டு என்ற பெயரை அவிழ்த்தால் இன்ட் (*மழை)[12] வெளிப்படும். அந்த எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நேராகக் கரும்பலகையில் எழுதினால் பயப்படுவார்கள்தான். பெயரிட்டுப் பழகிய ஒன்றை அவிழ்க்கும்போது பயப்படுவதை நான் காணவில்லை.

முப்பரிமாணத்துக்குப் போகும்போது இதன் பயன் இன்னும் தெளிவாகிறது. நாள்வாரி மழைக்கு, மாதம் என்பது 31 இன்ட், ஆண்டு என்பது 12 மாதம். ஓர் ஆண்டுக்கு 372 இன்ட், 1488 பைட். செயற்கூறு வாங்குவது அப்போதும் ஆண்டு *மழைதான். மூன்றாம் ஊருக்குப் போக 2976 பைட் தாண்ட வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்கிறார்கள். இரண்டு அடைப்புக்குறிகளில் எண் வேண்டும், ஒன்றில் வேண்டாம் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குறுகிய மாதங்களின் மிச்ச நாள்களில் எதை இட்டு வைப்பது என்ற விவாதம்தான் பிறகு வகுப்பை நிறைக்கும். பெரும்பாலும் எதிர்ம எண் ஒன்றை வைப்பதாக முடிவாகும், ஏனெனில் பூஜ்யம் என்பது மழை பெய்யாத நாளுக்கு உரியது.

முழு அட்டவணையையும் நகலாகவே அனுப்ப முடியுமா என்று கேட்பவர்களுக்கு, அதை ஒரு கட்டமைப்புக்குள் வைத்தால் முடியும் என்று காட்டுகிறேன். கட்டமைப்பு முகவரியாகக் கரைவதில்லை, 144 பைட்டும் அப்படியே நகலாகும். உள்ளே சைஸ்ஆஃப் வகுத்தாலும் அப்போது மூன்றே வரும். ஆனால் அந்த மூன்று கட்டமைப்புக்குள் எழுதி நிலைத்துவிட்ட மூன்று, நான்காம் ஊருக்கு அது வளையாது. ஆண்டு *மழை என்று வாங்கும் செயற்கூற்றுக்கோ ஊர்களின் எண்ணிக்கையை இன்னொரு அளபுருவாகக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த மாணவி தன் செயற்கூற்றை இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறார்: வகுத்தல் மெயினில் நடக்கிறது, விடை முதல் அளபுருவாக உள்ளே போகிறது, மழை இரண்டாவதாகப் போகிறது.